மணலில் புதைத்த நந்தியாவட்டை

மணலைச் சாய்ப்பதில் அவசரம் ஆகாது என்று தாட்சாயணி தன் கைகளுக்குச் சொன்னாள். பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் தாவரவியல் நடத்திய குரலிலேயே சொன்னாள். ஓய்வு பெற்ற நாளில் பள்ளிக்குத் திருப்பி ஒப்படைத்த பொருள்களில் அந்தக் குரல் சேரவில்லை. ஆனாலும் தகர டப்பாவின் விளிம்பு தாம்பாளத்தில் பட்டபோது டக்கென்று ஒரு சத்தம் எழுந்தது. கை அவசரப்பட்ட சத்தம்தான், அதற்கு வேறு காரணம் கற்பிக்க அவள் விரும்பவில்லை. பங்குனி மாதத்துப் பிற்பகல் வெயில் ஜன்னல் கம்பிகளுக்கு இடையே நுழைந்து சாப்பாட்டு மேசையின் பாதி வரை வந்திருந்தது. திண்டுக்கல்லின் காற்றுக்கு இந்த மாதத்தில் ஒரு நற்குணம் உண்டு, எதையும் உலர்த்திவிடும், துணியை, வடகத்தை, தொண்டையை, பூவை. மேசையின் மறுகோடியில் சட்டம் தயாராகக் கிடந்தது. கறுப்பு வெல்வெட் ஒட்டிய பலகை, ஓரங்களில் பெரணி இலைகள், சங்குப்பூக்கள், கொன்றை இதழ்கள், எல்லாம் அவளே பறித்து, கனத்த புத்தகங்களுக்கு அடியில் அழுத்தி, உலர்ந்த பின் குச்சி நுனியில் பசை தொட்டு ஒட்டியவை. நடுவே உள்ளங்கை அளவுக்கு வெறுமை. அங்கே நந்தியாவட்டை அமர வேண்டும், வெள்ளையாக அமர வேண்டும், சாயங்காலம் ஆதிரை வந்து எடுத்துக்கொண்டு போவதற்குள் அமர்ந்தாக வேண்டும். கணவனோடு கனடாவுக்குக் குடிபெயரும் மகள் தாயிடம் எத்தனையோ கேட்டிருக்கலாம், நகையும் ஊறுகாயும் கேட்கிறவர்கள்தான் உலகத்தில் அதிகம். "நம்ம வாசல் நந்தியாவட்டையைக் காயவெச்சுக் கண்ணாடி போட்டுக் குடும்மா, எனக்கு அது போதும்" என்றுதான் ஆதிரை கேட்டாள். செத்த பூவையா வீட்டுச் சுவரில் மாட்டப்போகிறாய் என்று அவள் மாமியார் சொன்னாளாம். காய்ந்த பூ வீட்டுக்கு ஆகாது என்று சொல்லுகிற பெண்களை தாட்சாயணி வாழ்நாள் முழுவதும் கேட்டிருக்கிறாள், அவர்களில் ஒருத்தியாவது பூவைச் சரியாகக் காயவைத்துக் காட்டியதில்லை. ஆனால் இப்போது அவளாலும் முடியவில்லை. தீபாவளிக்குப் பிறகு திறந்த ஒவ்வொரு டப்பாவிலும் நந்தியாவட்டை பழுப்பேறித்தான் வெளிவந்தது. மணலை மாற்றினாள், பறிக்கும் வேளையை மாற்றினாள், டப்பாவையும் மாற்றினாள். இது கடைசி டப்பா. ஒரு செடி சில மாதங்களில் தன் குணத்தை மாற்றிக்கொள்ளாது, ஆற்று மணலும் மாற்றிக்கொள்ளாது, ஆகவே மாறியது மூன்றாவதாக ஒன்றாக இருக்கலாம், பூவைப் பார்க்கிற கண்ணாக இருக்கலாம். இந்த எண்ணம் வரும்போதெல்லாம் அவள் அதை வகுப்பில் பேசுகிற பெண்ணை அடக்குவது போல ஒரு பார்வையில் அடக்கிவிடுவாள். அது அடங்கி உட்காரும், பிறகு மீண்டும் பேசும்.

மணல் சரிந்தது, நூல் போலச் சரிந்தது, தாம்பாளத்தில் கூம்பாக உயர்ந்தது. இந்த மணலைச் சலித்து, அலசும் நீர் தெளியும் வரை அலசி, இரும்புச் சட்டியில் வறுத்து ஆறவைத்துத்தான் டப்பாவில் இட்டிருந்தாள். அலசாத மணலில் உப்பு இருக்கும், உப்பு ஈரத்தை இழுக்கும், ஈரம் பூவைக் கெடுக்கும். பூவைப் பறிப்பதற்கும் முறை உண்டு. பனி உலர்ந்த பிறகு பறிக்க வேண்டும், நந்தியாவட்டையின் காம்பைக் கிள்ளினால் பால் வடியும், வடிகிற வாயை உடனே மெழுகுவர்த்திச் சுடரில் காட்டிப் பொசுக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் பால் இதழடியில் ஏறிக் கறையாகும். பால் உண்டு, இலைகள் எதிரெதிர், அப்போசைனேசி குடும்பம், எழுதிக்கொள்ளுங்கள் என்று எத்தனை வகுப்புகளில் சொல்லியிருப்பாள், சொல்லும்போதெல்லாம் சுண்ணக்கட்டி பிடித்த கைக்குள் ஒரு குளிர்ச்சி வந்துபோகும், ஈரப் பூவின் குளிர்ச்சி, இமை மேல் வைத்த பூவின் குளிர்ச்சி. வெள்ளிக்கிழமைகளில் எண்ணெய் தேய்த்துக் குளித்த பின் அம்மா அவளைக் கூடத்துச் சிமெண்டுத் தரையில் படுக்கவைத்து, தண்ணீரில் போட்டுவைத்த நந்தியாவட்டைகளை இரண்டு கண்ணின் மீதும் வைப்பாள், "திறக்காதடி, சூடு இறங்கட்டும்" என்பாள், கண்ணுக்குள் சிவப்பாக இருந்த இருட்டு மெல்ல மெல்லக் கறுக்கும், பூவின் நீர் காதோரம் இறங்கும், வாசல் பக்கத்துப் பட்டறையில் அப்பா அரம் தேய்க்கிற சத்தம் கேட்கும். கிறீச், கிறீச், பிறகு ஊதுகிற சத்தம், பிறகு சாவி நுழைகிற சத்தம். அப்பா பூட்டுக்காரர். சாவிப் பல்லை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து ஒரு கண்ணை இடுக்கிப் பார்ப்பார், மயிரிழை அதிகமாக இருந்தாலும் கண்டுபிடித்துவிடுவார், அந்தக் கண்ணைப் பற்றி அவருக்கு இருந்த கர்வம் வேறெதைப் பற்றியும் இல்லை. அந்தக் கர்வம் தனக்கு வந்திருக்கிறது என்பதை தாட்சாயணி அறிவாள், அதில் அவளுக்கு வெட்கம் இல்லை. பிறகு அந்தக் கண்ணில் பூ விழுந்தது. புரையைக் கண்ணில் பூ விழுந்துவிட்டது என்றுதான் அப்போது எல்லோரும் சொன்னார்கள், சிறுமியாக இருந்த அவள் என்ன பூ என்று கேட்டாள், யாரும் சிரிக்கவில்லை. ஒரு பள்ளிக்கூடத்தில் கண் அறுவை முகாம் போட்டிருந்தார்கள், வரிசை வரிசையாகப் பெஞ்சுகளை இணைத்துப் போட்டு அதில் கிழவர்களைப் படுக்கவைத்திருந்தார்கள், தலை அசையாமல் இருக்க இருபுறமும் மணல் மூட்டை. அன்றும் மணல்தான். வீட்டுக்கு வந்த பிறகு கட்டுக்குள் எரிகிறது எரிகிறது என்று அப்பா பல்லைக் கடித்தார். அம்மாவுக்குத் தெரிந்த குளிர்ச்சி ஒன்றுதான். விடியலில் வாசலுக்குப் போனாள், தாட்சாயணி பித்தளைக் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள், அம்மா பூவைப் பறித்துத் தண்ணீரில் நனைத்து, கட்டின் ஓரத்தை விரலால் தூக்கி, உள்ளே வைத்து மூடினாள். அப்பா ஆ என்றார், வலியில் அல்ல, சுகத்தில். அப்படியே தூங்கியும் போனார். சில நாள் கழித்துக் கட்டைப் பிரித்தபோது அந்தக் கண் போய்விட்டிருந்தது. முகாமின் மேல் பழி சொன்னார்கள், விதியின் மேல் சொன்னார்கள், பூவைப் பற்றி அந்த வீட்டில் ஒருவரும் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அம்மா செடியை வெட்டவும் இல்லை. முன்பு போலவே தண்ணீர் ஊற்றினாள், ஆனால் வெள்ளிக்கிழமைகளில் மகளைப் படுக்கச் சொல்வது நின்றுபோயிற்று. மற்றக் கண்ணிலும் பூ விழுந்தபோது அப்பா கத்தி வேண்டாம் என்று மறுத்துவிட்டார், கடைசிக் காலத்தில் மங்கலுக்குள்ளேயே வாழ்ந்தார், பெற்ற மகளை நடையோசையில் அடையாளம் கண்டார். பிழை பூவினுடையது அன்று, கொதிக்கவைக்காத தண்ணீரும் கழுவாத விரலும் செய்த பிழை என்று கல்லூரியில் முதலாண்டு படிக்கும்போதே அவள் தீர்மானித்துவிட்டாள். தீர்மானித்ததால்தான் தாய்வீட்டுச் செடியிலிருந்து ஒரு கொம்பை ஒடித்துவந்து தன் வாசலில் ஊன்ற முடிந்தது. இன்றைக்கு அடுத்த தெருக்காரர்கள் காலையில் போய்க் கண்ணை அறுத்துக்கொண்டு மத்தியானம் கறுப்புக் கண்ணாடியோடு வந்து தயிர்ச்சாதம் சாப்பிடுகிறார்கள், அதுவும் அவளுக்குத் தெரியும். தெரிந்தது தலையில் இருக்கிறது. அந்த ஆ என்ற சத்தம் வேறெங்கோ இருக்கிறது.

முதல் இதழின் விளிம்பு மணலுக்கு மேல் தெரிந்தது. அவள் உடனே பார்வையை எடுத்துக்கொண்டாள், முழுவதும் வரட்டும், பாதி விடைத்தாளைப் பார்த்து மதிப்பெண் போடுகிற பழக்கம் அவளிடம் இல்லை. ஜன்னலுக்கு வெளியே கொடியில் அவள் கணவர் சிதம்பரநாதனின் வேட்டிகள் காய்ந்தன. அவற்றைப் பார்க்க அவளுக்கு ஆறுதலாக இருந்தது, இந்த வீட்டில் வெள்ளையாக எஞ்சியிருப்பவை அவை மட்டும்தான். போர்த் தண்ணீரின் உப்பு சட்டை, தலையணை உறை, துண்டு எல்லாவற்றையும் மஞ்சளாக்கிவிட்டது, கூடத்துச் சுவர் வெள்ளையடித்துப் பல வருடமானதால் மங்கிவிட்டது, ஆனால் வேட்டியை அவள் விடவில்லை. சொட்டு நீலத்தை முன்னைவிடத் தாராளமாக ஊற்றினாள், போதாதென்று தோன்றியபோது இன்னும் ஊற்றினாள், வெள்ளையாகும் வரை ஊற்றினாள். பால்காரி அங்கம்மாள் போன வாரம் வாசலில் நின்றுகொண்டு, "என்ன டீச்சர், சார் கட்சி மாறிட்டாராக்கும்? சொல்லவேயில்ல" என்று சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். பால்காரிகளின் நகைச்சுவைக்கு விளக்கம் கேட்பது தாட்சாயணியின் வழக்கம் அன்று. இப்போது சிதம்பரநாதன் உள்ளே வானொலியைத் தணித்து வைத்துக்கொண்டு ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார், இடையிடையே தொண்டையைச் செருமினார். ரயில்வேயில் பார்சல் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், வண்டி ஓட்டியிருக்க வேண்டியவர். இளவயதில் என்ஜின் வேலைக்கு எழுதித் தேறி, உடல் சோதனைக்குப் போனார், அங்கே மருத்துவர் வண்ணப் புள்ளிகள் நிறைந்த ஒரு அட்டையைக் காட்டி இதில் என்ன எண் தெரிகிறது என்று கேட்டார், இவர் தெரியலை சார் என்றார், அடுத்த அட்டை, தெரியலை, அடுத்தது, தெரியலை. சிவப்பும் பச்சையும் அவருக்கு ஒன்றுதான், அதுவரை அது அவருக்கே தெரியாது. கல்யாணமான புதிதில் இந்தக் கதையை அவர் சிரித்துக்கொண்டு சொன்னபோது அவளுக்குச் சிரிப்பு வரவில்லை, எரிச்சல்தான் வந்தது, ஒரு எண்ணைக் குத்துமதிப்பாகச் சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா என்றாள். "எப்படிச் சொல்றது? தெரியாததைத் தெரியும்னு சொல்லி நான் வண்டியை எடுத்தா, பின்னால உக்காந்து தூங்கிட்டு வர்றவன் என்ன ஆவான்?" என்றார். பதில் சொல்ல வேண்டிய இடத்தில் அவள் கேலியை வைத்துக்கொண்டாள். தலைத் தீபாவளிக்குக் கிளிப்பச்சையில் சேலை கேட்டாள், அவர் கடை கடையாக ஏறி மண் நிறத்தில் ஒன்றை வாங்கிவந்து, பிரித்துக் காட்டி, எப்படி என்று கேட்டுக்கொண்டு நின்றார், அந்த முகத்தில்தான் என்ன ஒரு நிச்சயம். "இதான் கிளியா?" என்றாள் அவள். "எங்க ஊர்ல கிளி இப்படித்தான் இருக்கும்" என்றார். மறுநாளே அவள் தனியாகப் போய்ச் சேலையை மாற்றிக்கொண்டு வந்தாள். தோட்டத்தில் மிளகாய் பறிக்கச் சொன்னால் பழுத்ததையும் காயையும் சேர்த்துக் கொண்டுவருவார், சட்டைக்குப் பொத்தான் தைக்க நூல் எடுக்கச் சொன்னால் ஆதிரை ஓடிப்போய் எடுத்துக் கொடுப்பாள், "அப்பாவைக் கேக்காதம்மா, அப்பாவுக்கு டிவியே பிளாக் அண்ட் ஒயிட்தான்" என்பாள், மூவரும் சிரிப்பார்கள். அந்த வருடங்களை நினைக்கும்போது மட்டும் எல்லாம் ஒரு பொன்னிற வெளிச்சத்தில் நிற்கின்றன, இந்தக் கூடம், மேசைக்கு அடியில் உட்கார்ந்து வாடாமல்லியை உதிர்க்கிற குழந்தை, பள்ளி விட்டு வந்து புடவை மாற்றாமலே பூக்களைத் தாளுக்குள் விரிக்கிற தான், டம்ளரைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்கிற அவர். பழைய நாள்கள் பொன்னாகத் தெரிவதற்கு அவற்றின் தகுதி காரணமா, பார்க்கிறவளின் கண்ணில் ஏறிய மஞ்சள் காரணமா என்று அவள் மனம் கேட்டது. அவள் அந்தக் கேள்வியையும் அடக்கினாள். வாடாமல்லியை உலர்த்துவதற்குத் திறமை வேண்டாம், அது செடியிலேயே உலர்ந்து நிற்கிறது. காகிதப்பூவும் அப்படியே. சிவப்பு ரோஜா கறுத்துப்போகும், மல்லிகை மறுநாளே பழுத்து மானத்தை வாங்கும். வெள்ளையை வெள்ளையாக எடுப்பதுதான் வித்தை, அந்த வித்தை இந்த வட்டாரத்தில் தன் ஒருத்திக்குத்தான் கைவந்தது என்று அவள் நினைத்திருந்தாள். பொங்கல் வாழ்த்து அட்டைகளில் அவள் ஒட்டி அனுப்பிய நந்தியாவட்டையைப் பார்த்து, பிளாஸ்டிக்கா என்று கேட்டவர்கள் உண்டு. அதைவிடப் பெரிய அவமதிப்பும் இல்லை, பெரிய பாராட்டும் இல்லை.

இப்போது பூ முழுவதும் வெளியே வந்துவிட்டது. அடுக்கு நந்தியாவட்டை, ஒரு இதழும் மடங்கவில்லை, சுருங்கவில்லை, விளிம்பின் அலைகள் கூட அப்படியே நின்றன. உருவத்தில் குறை சொல்ல முடியாது. மயிர்த்தூரிகையால் இதழிடுக்கில் ஒட்டிய மணலைத் தட்டினாள், மணல் உதிர்ந்தது, நிறம் உதிரவில்லை. ஆறிய தேநீரின் மேல் படிகிற ஆடையின் நிறம். அவள் பூவை வெயிலில் பிடித்தாள். நிழலில் பிடித்தாள். வலக்கண்ணை மூடிப் பார்த்தாள், இடக்கண்ணை மூடிப் பார்த்தாள், ஒன்றில் பழுப்பு, மற்றொன்றில் கொஞ்சம் பழுப்பு, கொஞ்சம் என்பது ஆசையாகவும் இருக்கலாம். உப்பு ஜாடியைத் திறந்து பக்கத்தில் வைத்தாள். உப்பும் மங்கல், ஆனால் கடையில் கொடுத்ததே மங்கல் உப்பாக இருக்கலாம். சட்டத்தின் பின்புறத்தில் ஈரம் ஏறாமல் இருக்க வைக்கிற சிலிக்கா மணிகளைக் கொட்டினாள். பள்ளி ஆய்வகத்தில் கண்ணாடிக் கலத்துக்குள் அவை எப்படி ஜொலிக்கும், மயில் கழுத்து நீலம், ஈரம் குடித்தால் இளஞ்சிவப்பாகும், தோசைக்கல்லில் வறுத்தால் மறுபடி நீலம். நேற்றுதான் வறுத்தாள், ஆனால் மணிகள் நீலமாகவும் இல்லை, இளஞ்சிவப்பாகவும் இல்லை, ஏதோ குட்டைத் தண்ணீரின் நிறத்தில் கிடந்தன. மணி பழசு. உப்பு மட்டம். சுவர் பழசு. தண்ணீர் உப்பு. பூ கெட்டது. ஒரு வீட்டில் இத்தனை பொருள்கள் ஒரே சமயத்தில் குற்றம் செய்யுமா, வகுப்பில் எல்லோரும் ஒரே தவற்றை எழுதினால் அவள் யாரைச் சந்தேகிப்பாள், ஆசிரியையைத்தான் சந்தேகிப்பாள். மணல் மூட்டைகளுக்கு இடையில் ஒரு தலை, அசையாதே, அசையாதே, கட்டுக்குள் எரிகிற இருட்டு, வாசலில் பித்தளைக் கிண்ணம். எழுந்து ஜன்னலுக்குப் போனாள். கம்பி வழியாகக் கையை நீட்டி, கொடியில் ஆடிய வேட்டியின் ஓரத்தை இழுத்து, அதன் மேல் பூவை வைத்தாள். வேட்டி வெள்ளையாக இருந்தது. ஐயத்துக்கு இடமில்லாத வெள்ளை. அதன் மேல் பூ, துணியில் விழுந்த காப்பிக் கறையைப் போலக் கிடந்தது. அவளுக்கு முதலில் வந்தது நிம்மதி. கண் கெட்டிருந்தால் வேட்டி எப்படி வெள்ளையாகத் தெரியும்? கண்ணில் ஒன்றுமில்லை, கத்தி வேண்டாம், மணல் மூட்டை வேண்டாம். அந்த நிம்மதியின் வாலைப் பிடித்துக்கொண்டே மற்றது வந்தது. அப்படியானால் பூ கெட்டுவிட்டது, வித்தை போய்விட்டது, மகள் கேட்ட ஒன்றே ஒன்றைக் கொடுக்க வழியில்லை.

கைப்பேசி அடித்தது. ஆதிரை.

"அம்மா, வாடிப்பட்டி தாண்டிட்டேன். ரெடியா?"

"வா. சாப்பிட்டியா?"

"அதை விடும்மா. பூ வெள்ளையா வந்துச்சா?"

தாட்சாயணி வெல்வெட்டின் நடுவில் இருந்த வெறுமையைப் பார்த்தாள். "நேர்ல வந்து பாரு" என்று சொல்லிவிட்டு வைத்தாள். அது பொய் அன்று. மெய்யும் அன்று. விடை தெரியாத பெண்கள் எழுதுகிற விடை, கேள்வியையே திருப்பி எழுதிவைக்கிற விடை. டப்பாவில் மிச்சமிருந்த பூக்களையும் அவள் மணலிலிருந்து எடுத்தாள், ஒவ்வொன்றாகப் பார்த்தாள், எல்லாம் ஒரே பழுப்பு, எல்லாவற்றையும் குப்பைக் கூடையில் போட்டாள். காலியிடத்தில் மஞ்சள் கொன்றையை வைத்து மூடிவிடலாம், செடி பூக்கவில்லை என்று சொல்லிவிடலாம், ஆனால் வாசலில் நந்தியாவட்டை பூத்துக் குலுங்கிக்கொண்டு நிற்கிறது, உள்ளே வரும்போதே ஆதிரை பார்த்துவிடுவாள்.

சிதம்பரநாதன் வானொலியை நிறுத்திவிட்டு எழுந்து வந்தார். மேசையைப் பார்த்தார், சட்டத்தைப் பார்த்தார், குப்பைக் கூடையை எடுத்துக்கொண்டு கொல்லைப்புறம் திரும்பினார். ஓய்வுக்குப் பின் அவரிடம் புதிதாக வந்த ஒரே பொறுப்பு இதுதான், சில மாதங்களாகச் சொல்லாமலே குப்பையை எடுத்துப் போகிறார். அவர் அதைப் பிடித்திருந்த விதத்தை அவள் இன்றுதான் கவனித்தாள். இரண்டு கையாலும் ஏந்தி, அலுங்காமல், பாயசக் கிண்ணத்தைப் பந்திக்குக் கொண்டுபோகிறவர் போல நடந்தார்.

"நில்லுங்க" என்றாள். "குப்பையை யாராவது இப்படித் தூக்குவாங்களா?"

அவர் நின்றார். திரும்பவில்லை.

"அதை எங்க கொண்டுபோறீங்க?"

"கொட்டத்தான்."

"எங்க கொட்டறீங்கன்னு கேக்கறேன்."

பார்சல் ஆபீசில் அதிகாரிகள் சோதனைக்கு வந்தபோதெல்லாம் இப்படித்தான் நின்றிருப்பார் என்று அவளுக்குத் தோன்றியது. கூடையை மேசை மேல் வைத்துவிட்டு அறைக்குள் போனார், கட்டிலுக்கு அடியில் எதையோ இழுக்கிற சத்தம் கேட்டது, பழைய முறுக்கு டப்பாவோடு வந்தார். மூடி மேல் ஒரு தாள் ஒட்டியிருந்தது, அதில் அவருடைய கொட்டை எழுத்தில், இந்தப் பக்கம் மேல். உள்ளே வறுத்த அரிசி பரப்பி, அதன் மேல் மெல்லிய தாள் விரித்து, ஒன்றோடொன்று படாமல் நந்தியாவட்டைகள் அடுக்கப்பட்டிருந்தன. தீபாவளிக்குப் பிறகு அவள் தூக்கியெறிந்த அத்தனையும் இருந்தன.

"இது எதுக்கு?"

"நல்லாருக்கேன்னு எடுத்து வெச்சேன்."

"நல்லாருக்கா? எல்லாம் பழுப்பேறிக் கிடக்கு."

"உனக்கு அப்படித் தெரியுதுன்னு எனக்குத் தெரியும், டீச்சர். நீ ஒவ்வொரு தடவையும் சொல்லிட்டுத்தானே போடற. எனக்கு வெள்ளையாத்தான் தெரிஞ்சுது. சரி, நம்ம கண்ணுதான் பேர்போன கண்ணாச்சே, கிளியையே மண்ணுன்னு பார்த்த கண்ணு, அதை நம்பி உன்கிட்ட வந்து என்னத்தைச் சொல்றதுன்னு விட்டுட்டேன். தூக்கிப்போட மட்டும் மனசு வரலை."

அவள் டப்பாவிலிருந்து ஒரு பூவை எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு வைத்தாள். அவர் நாற்காலியை இழுத்து எதிரே உட்கார்ந்தார். மேசை மேல் கிடந்த மணிகளை விரலால் அளைந்தார்.

"இது என்ன நெறம்னு உங்களுக்குத் தெரியுதா?" என்றாள்.

"நீலம். நீலம் எனக்கு எப்பவும் தெரியும்."

"நல்ல நீலமா?"

"நல்ல நீலம். என் வேட்டி மாதிரி."

வெளியே கொடியில் துணி படபடத்தது. அவள் அந்தப் பக்கம் திரும்பவில்லை. அங்கம்மாளின் சேலைத் தலைப்பு நினைவுக்கு வந்தது, அதன் பின்னால் இருந்த சிரிப்பு இப்போதுதான் அவளை வந்து சேர்ந்தது, தெருவில் எத்தனை பேர் அந்தச் சிரிப்பைச் சிரித்திருப்பார்கள், இவர் அந்த வேட்டியைக் கட்டிக்கொண்டு கடைக்கும் கோவிலுக்கும் எத்தனை முறை போய்வந்திருப்பார்.

"தீபாவளியிலேருந்தா?"

"அதுக்கும் முன்னாலருந்தே. நீ ஊத்த ஊத்த ஏறிக்கிட்டே போச்சு. வெயில் காலத்துக்குக் குளுகுளுன்னு இருக்கட்டுமேன்னு விட்டுட்டேன்."

"சொல்லியிருக்கலாம்."

"சொன்னா ஆஸ்பத்திரிக்குப் போகணும். உங்க அப்பா கதையை நீ எனக்கு ஒரு தடவைதான் சொன்ன. ஒரு தடவை கேட்டதே போதும், எனக்கு."

அவர் முறுக்கு டப்பாவிலிருந்து ஒரு பூவை எடுத்தார். காம்பை இரு விரலால் பிடித்து, கறுப்பு வெல்வெட்டின் நடுவில், அந்த வெறுமைக்கு மேலே நீட்டினார்.

"இது என்ன கலர், டீச்சர்?"

சரியான விடை அவளுக்குத் தெரிந்திருந்தது. இத்தனையும் பேசிய பிறகு அது வெள்ளை என்பதை ஒரு மந்தமான மாணவி கூடச் சொல்லிவிடுவாள், முழு மதிப்பெண்ணும் வாங்கிவிடுவாள். அவள் பார்த்தாள். பழைய தாளின் நிறம் போலவும் பட்டது, தேன் கலந்த பாலைப் போலவும் பட்டது, விளிம்பில் ஒரு கணம் வெள்ளை வருவது போலத் தோன்றி, வரவில்லை. மணல் மூட்டைகளுக்கு நடுவே அப்பா அசையாமல் படுத்திருந்தார். மற்றக் கண்ணை மறுத்துவிட்டு மங்கலில் உட்கார்ந்து, யாரு தாட்சாவா என்று அவள் காலடியைக் கேட்டார். அட்டையைப் பிடித்திருந்த மருத்துவருக்கு எதிரே, வண்டி ஓட்டும் ஆசையோடு வந்த ஒரு இளைஞன் நின்றுகொண்டிருந்தான்.

"தெரியலை" என்றாள்.

அவர் தலையசைத்தார். பூவை அவள் கையில் கொடுக்காமல், குச்சி நுனியில் பசையைத் தொட்டு, அவள் செய்வதைப் பார்த்துப் பழகிய விதத்தில், வெல்வெட்டின் நடுவில் அமர்த்தினார். கொஞ்சம் இடப்புறம் சாய்ந்துவிட்டது. வேறொரு நாளாக இருந்தால் அவள் அதைப் பிய்த்தெடுத்துத் தானே ஒட்டியிருப்பாள். அடுத்த பூவை எடுத்துக் கொடுத்தாள். அதற்கடுத்ததை ஒட்டிக்கொண்டிருக்கும்போது வாசலில் கார் வந்து நிற்கிற சத்தமும் கேட்டின் தாழ்ப்பாள் சத்தமும் கேட்டன, "அப்பா, செடி எப்படிப் பூத்திருக்கு பாருங்க" என்ற ஆதிரையின் குரலும் கேட்டது.

"அவகிட்ட நான் ஒண்ணும் சொல்லலை" என்றார் சிதம்பரநாதன், தணிந்த குரலில்.

"நானே சொல்றேன். கனடா போறதுக்குள்ள ஒரு நாள் அவளே என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகட்டும். போய்க் கதவைத் திறங்க."

அவர் எழுந்து நடந்தார். கூடத்தின் மங்கலான சுவரைக் கடந்து போகிற அவரது வேட்டியை தாட்சாயணி பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அது இன்னும் வெள்ளையாகத்தான் இருந்தது.